செத்தவர் நம்பருக்குப் போன ஓடிபி

முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடை எங்கள் லோடுமேன் செட்டுக்குத் தர வேண்டிய பதினைந்து நாள் கூலி அது. அந்தப் பாக்கி வசூலான கதையைச் சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் என் மூஞ்சியையே பார்க்கிறார்கள். யாரையும் நம்பவைக்க எனக்குத் தெம்பு இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பயப்படுகிறவர்கள் பகலில் படியுங்கள்.

என் பெயர் காளை. ஒத்தக்கடையில் வீடு. ராத்திரி முழுக்க மூட்டை இறக்குவது, விடிந்தபின் தூங்குவது, இதுதான் இருபத்திரண்டு வருசமாக என் பிழைப்பு. செட்டில் நாங்கள் பதினொரு பேர். ஆனால் கூலியைப் பன்னிரண்டாகப் பிரிப்போம். பன்னிரண்டாவது பங்கு மலையாண்டி அண்ணனுக்கு.

அவர்தான் எங்கள் தலைவர். தை மாசம் பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது உட்கார்ந்தபடியே உயிர் போய்விட்டது. எங்கள் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. செட்டில் ஒருவர் இறந்தால் ஒரு வருசம், தலைத்திவசம் வரைக்கும் கூலிக் கணக்கிலிருந்து அவர் பெயரை எடுக்க மாட்டோம். அவர் பங்கு வீட்டுக்குப் போகும். தலைமுண்டு போடும் ஆணிகூட அவருக்கென்று காலியாக இருக்கும்.

செட்டுக்கு ஒரு இமெயில் இருந்தது. மார்க்கெட்டில் நாலு கடைக்கு அதில்தான் கணக்கு அனுப்புவோம். அதற்கு மலையாண்டி அண்ணன் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அவர் போனபின் அதையும் மாற்றவில்லை. ஆணியைத் தொடாதது போல அதையும் யாரும் தொடவில்லை.

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் சாயங்கால வகுப்பில் எழுத்துக் கற்றவன் நான். செட்டில் வாசிக்கத் தெரிந்த ஆள் நான் ஒருவன் என்பதால் இமெயில் என் தலையில் விழுந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பிரவுசிங் சென்டரில் கணக்கை பிரிண்ட் எடுப்பேன். ஒரு நாள் லாரி வந்துவிட்டது என்று போன் வந்தது. கம்ப்யூட்டரில் இமெயிலை மூடாமல் அப்படியே எழுந்து ஓடினேன். அவ்வளவுதான் நான் செய்தது.

ரெண்டு நாள் கழித்து என் போனில் இமெயில் திறக்கவில்லை. இங்கிலீஷில் ஏதோ கேட்டது. நெட்டு தீர்ந்திருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கூலி நாள் திங்கட்கிழமை. கடை முதலாளி சூரியபிரகாஷ் எங்களை நிமிர்ந்தே பார்க்கவில்லை. போன வாரமே பணம் போட்டாயிற்றே என்றார். பேங்க் அக்கவுண்டை மாற்றிவிட்டோம், இனிமேல் இதில் போடுங்கள் என்று எங்கள் இமெயிலில் இருந்தே கடிதம் வந்ததாம். காட்டினார். எங்கள் முகவரி. எங்கள் செட்டின் பெயர். அக்கவுண்ட் நம்பர் மட்டும் யாருடையதோ.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சின்னக்கருப்பன் எனக்கு மாமன் மகன். அவன்தான் வாயைத் திறந்தான். "செட்டுல படிச்ச ஆளு நீ ஒருத்தன்தான் மாப்ள. எங்களுக்கு அதைத் தொறக்கவும் தெரியாது, மூடவும் தெரியாது."

மூடத் தெரியாதவன் நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? முதலாளி விடியும் வரை கெடு கொடுத்தார். நான் அனுப்பவில்லை என்று காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கூலி என் தலையில். செட்டுக்கு அந்தக் கடையும் இல்லை.

அன்றைக்கும் மூட்டை இறக்கினேன். இறக்கித்தானே ஆக வேண்டும்.

ராத்திரி 2:40. ஓசூர் ரோஜா லாரி முடிந்தது. கடையில் கணக்கு எழுதும் குருபிரசாத் தம்பி என்னைக் கூப்பிட்டார். நல்ல பிள்ளை. லேப்டாப்பில் எங்கள் இமெயிலைத் திறந்து பார்த்தார். பாஸ்வேர்டு தப்பு என்றது. திருடன் பாஸ்வேர்டை மாற்றிவிட்டான், நம்பரையும் மாற்றிவிட்டான் என்றார். ஆனால் நம்பரை மாற்றி ஏழு நாள் வரைக்கும் பழைய நம்பருக்கு ஓடிபி கேட்கலாமாம். இன்றைக்கு ஏழாவது நாள்.

"பழைய நம்பர் முப்பத்தேழுல முடியுது. இது யாரு நம்பர்ணே?"

"மலையாண்டி அண்ணன் நம்பர் தம்பி."

அந்த நம்பருக்கு அடித்துப் பார்த்தார். ஸ்விட்ச் ஆஃப். மறுபடி அடித்தார். ஸ்விட்ச் ஆஃப்.

"செத்தவருக்கு ஓடிபி அனுப்பி என்னண்ணே செய்யப் போறோம்..." என்றார். சொல்லிக்கொண்டே பட்டனை அமுக்கிவிட்டார். வேறு வழி இல்லை. மணி 3:05.

வாசலில் இன்னொரு வண்டி வந்தது. பில் போட குருபிரசாத் எழுந்து போனார். நான் மட்டும் உள்ளே. சுற்றிலும் மல்லிகை மூட்டை. முதுகு வலி. கண் எரிச்சல். அப்படியே மூட்டையில் சாய்ந்தேன்.

முதலில் வாசம் போனது.

இத்தனை மூட்டை மல்லிகை. ஒரு பொட்டு வாசம் இல்லை. மூக்கு அடைத்துவிட்டது என்று நினைத்தேன். மூச்சு நன்றாகத்தான் வந்தது.

அப்புறம் சத்தம் போனது. வெளியே அத்தனை கூப்பாடு, அத்தனை வண்டி. காதில் பஞ்சு வைத்த மாதிரி... ஒன்றும் இல்லை.

எதிரே எடை மெஷின். கரண்டில் ஓடுவது. தட்டு தரையோடு இருக்கும். அதன் மேல் எதுவும் இல்லை. சிவப்பு எழுத்தில் சைபர்.

டிக்.

58.200.

காலித் தட்டு. 58 கிலோ. எழுந்து போய்த் தட்டைப் பார்த்தேன். ஒரு பூ இதழ்கூட இல்லை.

மலையாண்டி அண்ணன் தினமும் லோடு முடிந்ததும் அந்தத் தட்டில் ஏறி நிற்பார். இன்னைக்கு எம்புட்டுக் கரைஞ்சேன் பாருடா என்பார்.

டிக்.

சைபர்.

என் போன் அடித்தது. மணி 3:09.

திரையில் பெயர் வந்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். வாசிக்க வேண்டியதே இல்லை. இருந்தாலும் வாசித்தேன்.

மலையாண்டி அண்ணே.

எடுத்தேன். எப்படி எடுத்தேன் என்று தெரியவில்லை.

சர்ர்ர்... சாக்கைத் தரையில் இழுக்கும் சத்தம். நின்றது. பெருமூச்சு. பாரம் தூக்கியவன் விடும் மூச்சு. அப்புறம் குரல்.

"நாலு..."

"லாபம்..."

"ஒம்பது..."

"லாபம்..."

"ரெண்டு... ஏழு."

மூட்டை எண்ணும்போது நாங்கள் ஒன்று என்று சொல்ல மாட்டோம். லாபம் என்றுதான் சொல்வோம். எண்ணுகிறவன் லோடுமேனாக இருந்தால் வாயில் அதுதான் வரும். அதுவும் அந்த இழுவை... அது அவருடையது.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"காளை..."

"எறக்கி வையிடா."

கட் ஆனது.

வாசம் வந்தது. சத்தம் வந்தது. யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். குருபிரசாத் உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்னண்ணே, நெஞ்சு வலியா என்று கேட்டார். நான் நம்பரை மட்டும் சொன்னேன். நாலு, ஒன்று, ஒன்பது, ஒன்று, ரெண்டு, ஏழு. அவர் அடித்தார்.

திறந்தது.

யார் சொன்னது என்று கேட்டார். சொன்னேன். என் போனை வாங்கிப் பார்த்தார். வந்த கால் இருந்தது. திருப்பி அடித்தார். ஸ்விட்ச் ஆஃப். போனை மேஜை மேல் மெதுவாக வைத்தார். அது சூடாக இருப்பது போல.

அப்புறம் அவர் வேலையைப் பார்த்தார். முதலில் பாஸ்வேர்டை மாற்றினார். எங்கெங்கே இமெயில் திறந்திருக்கிறது என்று ஒரு பக்கம் காட்டியது. அதில் எனக்குத் தெரியாத கம்ப்யூட்டர் ஒன்று, வேறு மாநிலத்து ஊர் பெயரோடு. அதை வெளியேற்றினார். முதலாளியிடமிருந்து எங்களுக்கு வரும் கடிதமெல்லாம் தானாகத் திருடனுக்குப் போய், எங்கள் கண்ணில் படாமல் மறையும்படி ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தான். பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டு இதைப் பார்க்காமல் விட்டால் மறுபடி மாட்டிக்கொள்வோம் என்றார். அதையும் அழித்தார். இனிமேல் யார் திறந்தாலும் என் போனில் சம்மதம் கேட்கும்படி செய்தார். அடுத்தவர் கம்ப்யூட்டரில் திறந்தால் வெளியே வந்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்றார். எனக்கு அது மூட்டையை விடக் கனமாக இருந்தது.

கடைசியில் திருடன் போட்ட நம்பரை அழித்தார். பழைய நம்பர் திரும்ப வந்தது. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். மலையாண்டி அண்ணன் நம்பரை எடுக்க வேண்டும். ஆள் இல்லாத நம்பரை வைத்திருக்கக் கூடாது என்றார். சொல்லிவிட்டு அவரே தயங்கினார்.

"நீங்களே எடுங்கண்ணே."

எடுத்தேன்.

விடிந்ததும் முதலாளியிடம் வேறு மாநிலத்துக் கம்ப்யூட்டர் இருந்த அந்தப் பக்கத்தைக் காட்டினோம். திருட்டுக் கடிதம் போன நேரம் விடியற்காலை 4:20. அதே 4:20க்கு நான் மூட்டையோடு நிற்பது கடை கேமராவில் இருந்தது. முதலாளி ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அவரே ஆன்லைன் மோசடிக்கான 1930 நம்பருக்கு அடித்துப் புகார் கொடுத்தார். திருடன் பணத்தை எடுப்பதற்குள் பேங்க்கில் நிறுத்திவிட்டார்கள். ஆடி முழுக்க அலைந்தோம். ஆவணியில் எங்கள் பணம் வந்தது. ஒரு ரூபாய் குறையவில்லை. சின்னக்கருப்பன் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. டீதான்.

பதினொரு பங்கு அங்கேயே பிரித்தாயிற்று. பன்னிரண்டாவது பங்கு மூவாயிரத்து இருநூறை எடுத்துக்கொண்டு வண்டியூருக்குப் போனேன். தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. மலையாண்டி அண்ணன் பொண்டாட்டி முனியாயி மதினி தனியாகத்தான் இருக்கிறார். பிள்ளை இல்லை.

கேட்க வேண்டாம் என்றுதான் போனேன். கேட்டுவிட்டேன். அண்ணன் போன் எங்கே மதினி?

"பெட்டியில கெடக்கு. ரேசன் கார்டுல அந்த நம்பர்தான இருக்கு, அதான் காசு மட்டும் போட்டு வச்சிருக்கேன். தொறந்து மாசக்கணக்காச்சு."

தகரப் பெட்டி. பூட்டு. சாவி மதினி கழுத்துக் கயிற்றில். திறந்து கொடுத்தார். பழைய பட்டன் போன். உயிர் இல்லை. சார்ஜ் போட்டுக் காத்திருந்தேன்.

திரை வந்தது.

மெசேஜில் ஒன்று. 419127. வந்த நேரம் 3:07.

புது மெசேஜ் என்றால் உறை மூடியிருக்கும். இந்த உறை... திறந்திருந்தது. யாரோ வாசித்திருந்தார்கள்.

அடித்த கால்களில் கடைசி, என் நம்பர். 3:09.

அந்த ராத்திரி யாராவது வந்தார்களா என்று கேட்டேன். யாரு வருவா, உள்ளே தாழ்ப்பாள் போட்டுத்தானே படுப்பேன் என்றார் மதினி. என் கையிலிருந்து போனை வாங்கினார். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"என்ன தம்பி போட்டிருக்கு? எனக்கு ஒத்த எழுத்துத் தெரியாதே."

கம்பெனிக்காரன் மெசேஜ் என்றேன். பணத்தைக் கொடுத்தேன். மதினி எண்ணாமல் முந்தியில் முடிந்துகொண்டார். கடைக்குக் காட்ட வேண்டிய ரசீதை நீட்டினேன். மலையாண்டி என்ற பெயருக்கு நேரே இடது கட்டைவிரலை மையில் தோய்த்து உருட்டினார்.

பாக்கி தீர்ந்தது.