பிளாட்பாரப் பரீட்சை

எட்டாம் வகுப்புச் சர்க்கார் பரீட்சையில் முதல் தடவை நான் தோற்றதற்கு ரயில்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் தீர்மானித்தார்கள். விழுப்புரத்தில் நான் படித்த மிஷன் பள்ளிக்கூடத்துப் பையன்களைப் பரீட்சை எழுதத் திண்டிவனத்துக்கு அழைத்துப் போவார்கள். அங்கே ஒரு பெரிய ஹாலில் ஜன்னலோரமாக எனக்கு இடம் விழுந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தண்டவாளம். ஊர் புதிது, ஹால் புதிது, கறுப்புக் கோட்டுப் போட்ட சூப்பர்வைசர் புதிது. அவருடைய பூட்ஸ் சத்தம் கேட்டால் நிமிர்ந்தேன். பக்கத்துப் பையன் தாளைத் திருப்பினால் நிமிர்ந்தேன். கணக்குப் பரீட்சையன்று கூட்ஸ் வண்டி ஒன்று போயிற்று. பெட்டிகளை எண்ணிக்கொண்டே இருந்துவிட்டேன். தாளில் பாதி வெள்ளையாகவே போய்ச் சேர்ந்தது.

படிப்பு வராத பிள்ளை என்று என்னை யாரும் சொன்னதில்லை. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் உபதேசியார் எந்த வேத வசனத்தைக் கேட்டாலும் எழுந்து நின்று ஒப்பித்துவிடுவேன். அந்தத் தைரியம் தெரியாத இடத்தில் எங்கே போயிற்றென்று அம்மாவுக்கு விளங்கவில்லை. இன்னும் ஒரு வருடம் பள்ளிக்கூடச் சம்பளம் வாங்காமல் வைத்துக்கொள்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். மறுபடியும் தோற்றால் அப்பாவைப் போல மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்க வேண்டியதுதான். தேறினால் ரயில்வேயில் ஏதாவது பேனா பிடிக்கிற வேலைக்கு மனுப்போடலாம். எங்கள் தெருவில் அதுவரைக்கும் பேனா பிடித்துச் சம்பளம் வாங்கினவர் ஒருவரும் இல்லை.

சித்தப்பா விழுப்புரம் ஜங்ஷனில் போர்ட்டராக இருந்தார். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் பரீட்சை விஷயத்தில் அவருக்கென்று ஒரு கொள்கை இருந்தது.

"இவனுக்கு மூளையில ஒண்ணும் கொறை இல்ல அண்ணி. கழுத்துலதான் கீது கொறை" என்றார் அம்மாவிடம். "நிக்க மாட்டேங்குது. ஆடுது."

"கழுத்துக்கு இன்னா மருந்து குடுக்கப் போற தம்பி?"

"பிளாட்பாரத்துக்கு அனுப்புங்க. நான் பாத்துக்கறேன்."

அதிலிருந்து பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஸ்டேஷனுக்குப் போவேன். பிளாட்பாரத்துக் கோடியில் ஒரு பெஞ்சு உண்டு. சிலேட்டையும் கணக்குப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டு ஆரம்பிக்க வேண்டும். மெட்ராஸ் வண்டி வந்து நின்று புறப்படுகிற வரைக்கும் தலையைத் தூக்கக் கூடாது. தூக்கினால் அன்றைக்கு முட்டை. கணக்கு சரியா தப்பா என்பது சித்தப்பாவுக்குத் தெரியாது. அதைப்பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை; அது வாத்தியார் பாடு. கழுத்து மட்டும் அவர் பாடு.

முதலில் தினமும் முட்டைதான். எஞ்சின் பக்கத்தில் வந்து பெருமூச்சு விடும்போது நிமிராமல் இருப்பது லேசான காரியம் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகிற்று. அப்புறம் சித்தப்பா வேலையைக் கடினமாக்கினார்.

"டேய், கரடிய கட்டி இழுத்துக்கினு போறான், பார்றா."

"ஐயையே, தொரசாணி தடுக்கி வுழுந்துட்டாடா."

மற்றப் போர்ட்டர்களும் சேர்ந்துகொண்டார்கள். என்னைக் கலெக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். "கலெக்டரே, உன் சட்டக் காலராண்ட பல்லி" என்று ஒருவர் சொல்ல, நான் துள்ளி எழுந்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொரு நாள் சித்தப்பா மெதுவாக, மிக மெதுவாக, "உங்கம்மா கூழு எடுத்தாந்துகிறா, பாரு" என்றார். நிமிர்ந்தேன். அம்மா இல்லை. மூட்டைகள்தான் இருந்தன. அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி யார் பேரைச் சொன்னாலும் நிமிர்வதில்லை என்று அன்றைக்கே மனதில் முடிபோட்டுக்கொண்டேன்.

அது யுத்த காலம். கப்பல் போக்குவரத்து நின்றுபோய் மல்லாட்டை மண்டி படுத்துவிட்டது. அப்பாவுக்கு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லை. பட்டாளத்துக்கு வேலையாட்கள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவர் பேர் கொடுத்துவிட்டார். சண்டை போடுகிற பட்டாளம் இல்லை, ரோடு போடுகிற, சாமான் ஏற்றுகிற பட்டாளம். கப்பலேறிப் போகவேண்டும். பரீட்சை நெருங்கிவிட்டதால் எனக்குச் சொல்ல வேண்டாம் என்று அப்பா, அம்மா, சித்தப்பா மூன்று பேரும் பேசி வைத்திருந்தார்கள். திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு வெட்டப் போயிருக்கிறார், பரீட்சை முடியும்போது வந்துவிடுவார் என்றுதான் அம்மா என்னிடம் சொன்னாள். அப்பா போனவர் போனவர்தான். சிங்கப்பூர்ப் பக்கம் என்று மட்டும் பின்னால் சொன்னார்கள். கர்த்தருடைய சித்தம் அப்படி இருந்தது.

அப்பா மெட்ராஸ் வண்டி ஏறின நாளில் நடந்ததைச் சித்தப்பா எனக்குச் சொன்னது, எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு.

அன்றைக்கு மட்டும் என்னை ஸ்டேஷனுக்கு வரவிட வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பாதான் சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "எப்பவும்போல வரட்டும்டா. தூரத்துல நின்னு பாத்துட்டுப் போயிடறேன். அவனாண்ட ஒண்ணும் சொல்லாத" என்று கேட்டுக்கொண்டாராம். அதன்படி அப்பா தண்ணீர்க் குழாய்க்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறார். புதுக் காக்கி நிக்கர், தோளில் ஒரு கம்பளி. நான் பெஞ்சில் குனிந்திருக்கிறேன். அன்றைய கணக்கு, தொட்டியை ஒரு குழாய் நிரப்ப இன்னொரு குழாய் காலி செய்கிற கணக்கு. அது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வண்டி வந்து நின்றது. கூச்சல், கூடைகள், வேர்க்கிற மனிதர்கள். ஒன்றும் என்னைத் தொடவில்லை. புறப்பட மணி அடித்தார்கள். அப்போது சித்தப்பா என் பக்கத்தில் வந்து குந்தினார்.

"தம்பி, போதும்டா. தலையத் தூக்கு."

நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"உங்கப்பா வந்துகிறாருடா. வண்டியில ஏறப்போறாரு. ஒரே ஒரு தடவ பாரு."

அவர் குரல் நடுங்கிற்று. வேஷம் கட்டுவதில் சித்தப்பா நாளுக்கு நாள் தேறி வருகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"எனக்குத் தெரியும் சித்தப்பா. அப்பா கரும்பு வெட்டப் போயிருக்காரு" என்றேன், சிலேட்டைப் பார்த்தபடியே.

சித்தப்பா என் முகவாயைப் பிடித்துத் தூக்கக் கையை நீட்டினாராம். அந்தப் பக்கத்திலிருந்து அப்பா வேண்டாமென்று தலையை ஆட்டியிருக்கிறார். அப்புறம் பெட்டியில் ஏறிக் கதவண்டை நின்றுகொண்டு, வண்டி வளைவு திரும்புகிற வரைக்கும் என் தலையின் உச்சியைப் பார்த்துக்கொண்டே போனாராம். சிரித்தபடி போனார் என்று சித்தப்பா சொன்னார். அதை நான் நம்புகிறேன்.

வண்டி போனதும் நிமிர்ந்து, "எப்படி?" என்றேன். வழக்கமாகச் சித்தப்பா முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "கெலிச்சுட்டடா கலெக்டரு" என்பார். அன்று எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கேன்டீனுக்கு அழைத்துப் போய், நான் கேட்காமலே ஒரு பன் வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் ஒன்றும் வாங்கிக்கொள்ளாமல் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பந்தயத்தில் தோற்றுப்போனதில் மனுஷருக்குக் கோபம் என்று எண்ணிக்கொண்டு பன்னைத் தின்றேன்.

திண்டிவனத்தில் அந்தத் தடவையும் ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் போயிருக்கும். எனக்குத் தெரியாது. பரீட்சையில் தேறினேன். எட்டாவதோடு என் படிப்பு நின்றது. ஆனால் கூட்ஸ் ஷெட்டில் பேனா பிடிக்கிற வேலை அதைக்கொண்டுதான் கிடைத்தது. அந்தச் சோற்றில்தான் அம்மாவைக் கடைசி வரைக்கும் வைத்திருந்தேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

அப்பா ஏறின மெட்ராஸ் வண்டி போன அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா அடுப்படியில் கேப்பைக் களி கிண்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா உள்ளே வராமல் வாசலோடு போய்விட்டார். என் வெற்றியை நானே சொல்லவேண்டியதாயிற்று.

"இன்னிக்கு சித்தப்பா இன்னா பண்ணாரு தெரியுமாம்மா? அப்பா வந்துகிறாருன்னு சொல்லி ஏமாத்தப் பாத்தாரு. நான் நிமிரவே இல்ல."

அம்மா கரண்டியை விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"இன்னான்னு சொன்னாரு?"

சொன்னேன்.

"அப்ப அந்தப் பக்கம் யாராச்சும் நின்னாங்களா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் பாக்கவே இல்லையே" என்றேன் பெருமையாக.

அம்மா களியைத் தட்டில் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள். "மொதல்லேருந்து சொல்லு" என்றாள். சொன்னேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு இன்னொரு தடவை கேட்டாள். இந்தத் தடவை நன்றாக இருக்கட்டுமென்று சித்தப்பாவைப் போலவே குந்திக்கொண்டு, அவரைப் போலவே குரலை நடுங்க வைத்து, "உங்கப்பா வந்துகிறாருடா, ஒரே ஒரு தடவ பாரு" என்று நடித்துக் காட்டினேன். அச்சு அசலாக வந்தது. அதற்கு அம்மா ஏன் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.