அவியாத கடலை

போன வருடம் பல்கலைக்கழக விடுமுறையில் நெடுந்தீவில் உள்ள எங்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது நடந்தது இது. நினைத்தால் இப்போதும் கோபம் வரும்.

அக்காவின் மகனுக்கு நிறை போதாது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பட்டினத்தில் இருந்து ஒரு குழு வந்து, தாய்மாருக்குச் சத்தான சமையல் சொல்லிக்கொடுத்தது. கடலையை ஊறப்போட்டு அவித்து மசித்தால் பிள்ளைக்கு ரொட்டி, பெரியவர்களுக்குக் குழம்பு, மிச்சத்தைத் தேங்காய்ச் சொட்டும் செத்தல் மிளகாயும் போட்டுத் தாளிக்கலாம். எனக்கு ஒரே உற்சாகம். அன்றிரவே அக்காவைக் கொண்டு கடலையை ஊறப்போடுவித்தேன்.

மறுநாள் விறகு முடிந்ததே தவிர, கடலை அவியவில்லை. மசிக்கப் போனால் அகப்பைக்குத் தப்பி உருண்டது. அப்பச்சோடா போட்டுப் பார்த்தோம். சவர்க்கார வாடை அடித்தது. பிள்ளை துப்பிவிட்டான். அக்கா விடவில்லை, திரும்பத் திரும்ப அவித்துப் பார்த்தாள்.

குழு மறுபடி ஊர் மண்டபத்துக்கு வந்தபோது, கடலை அவியுதில்லை என்று அக்கா உள்ளதைச் சொன்னாள். சமைத்துக் காட்டும் மிஸ் சிரித்தார்.

“கடலை அவியாதோ? உங்களுக்கு அடுப்படியில நிக்கப் பஞ்சி எண்டு சொல்லுங்கோ. பிறகு பிள்ளையின்ர நிறை எப்பிடி ஏறும்?”

மண்டபமே சிரித்தது. அக்கா பிள்ளையின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அப்போதுதான் அவர்களுடைய சமையல் மேசைக்குக் கீழே பார்த்தேன். வரிசையாகப் பெரிய தண்ணீர்ப் போத்தல்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் உவர் என்று, அவர்கள் குடிக்கவும் சமைக்கவும் பட்டினத்தில் இருந்தே கொண்டுவந்திருந்தார்கள். அவர்களுடைய கடலை ஊறியதும் அதில்தான், அவிவதும் அதில்தான். எங்களுக்கோ நல்ல தண்ணீர் குடிக்கவே காணாது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அக்கா இரவு ஊறவைத்த கடலையையும் ஒரு வாளி கிணற்றுத் தண்ணீரையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன்.

“மிஸ், இதையும் ஒருக்கா அவிச்சுக் காட்டுங்கோ.”

“எல்லாத் தண்ணியும் ஒண்டுதானே தங்கச்சி.”

“ஓம், அப்ப அவியுங்கோ.”

பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அடுப்பு, இரண்டு சட்டி. அவருடைய கடலை பூவாய் அவிந்து, மசித்து, ரொட்டியாகியும் விட்டது. எங்களுடையது கொதித்துக்கொண்டே கிடந்தது. கடைசியில் அவர் ஒன்றை எடுத்துக் கடித்தார். டக் என்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“பல்லுக் கவனம் மிஸ்,” என்றார் பின்வரிசையில் இருந்த ஒரு தாய்.

இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் திரும்பியது. மிஸ் சிரிக்கவில்லை. திரும்பிப் போகும் படகுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகச் சாமான்களைக் கட்டினார்.  அக்காவின் பக்கம் பார்க்கக்கூட இல்லை.

திறக்காத இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள் மேசைக்குக் கீழேயே கிடந்தன. அக்கா அவற்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த நாள் அந்தத் தண்ணீரில் ஊறவைத்து அவித்த கடலையில் ரொட்டி சுட்டாள். பிள்ளை இன்னும் வேணும் என்று கையை நீட்டினான். அக்கா வெற்றுப் போத்தலைப் பார்த்தாள்.

இப்போது யாராவது வீட்டிலேயே செய்யக்கூடிய சுலபமான, சத்தான சமையல் என்று பேசத் தொடங்கினால், எந்தத் தண்ணீரில் என்று கேட்காமல் என்னால் இருக்க ஏலாது.