தலைக்கு மேலே பிளக்

வெள்ளம் வடிந்த கையோடு, மலேசியாவின் சிகாமட்டில் எங்கள் பக்கத்து வீட்டை ஒருவர் அடிமாட்டு விலைக்கு வாங்கினார். சலவைச் சட்டை, சந்தனப் பொட்டு. பேசும்போதெல்லாம் சட்டைக் கையை நீவிவிட்டுக்கொள்வார். சுவரில் நெஞ்சுயரத்துக்கு இருந்த சேற்றுக் கோட்டைப் பெயிண்ட் அடித்து மறைத்தார். பிளக் பாயிண்டுகளைத் தலைக்கு மேலே ஏற்றினார்.

வாடகைக்கு வீடு பார்க்க ஒரு தம்பதி வந்தார்கள். மனைவிக்கு நிறைமாதம். பிளக் ஏன் அவ்வளவு உயரத்தில் என்று கேட்டாள்.

“பிள்ளைங்க கை படக்கூடாது பாருங்க, அதுக்குத்தாம்மா,” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, அந்த வீட்டில் வெள்ளம் புகுந்த உண்மையைச் சொன்னேன்.

“வேற எங்கயும் வாடகை கட்டுப்படியாகலண்ணே,” என்றான் கணவன்.

அவர்கள் போனதும் வீட்டுக்காரரைக் கேட்டேன். “தண்ணி நெஞ்சளவுதானே வந்துச்சு. பிளக்க எதுக்கு அவ்ளோ மேல வச்சீங்க?”

“அடுத்த வெள்ளம் இதவிடப் பெருசா வரும் லா. மழை முன்ன மாதிரியா பெய்யுது? வயரிங் போச்சுன்னா எனக்குத்தானே நட்டம்,” என்றார், கையை நீவியபடி.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

இப்போது அந்த பிளக்குக்கு வெகு கீழே ஒரு தொட்டில் ஆடுகிறது.