பொட்டு வைத்த சிலிக்கான்

சென்னீர்குப்பத்துச் சுதாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது. அந்த ஆயுத பூஜையன்று இடுப்பில் ஒரு பூசணிக்காயோடு ஆராய்ச்சிக்கூட வாசலில் வாயடைத்து நின்றாள்.

பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் அவள் முனைவர் பட்ட மாணவி. ஒரே ஒரு சிப்புக்காக மூன்று பல்கலைக்கழக மையங்கள் கைகோத்திருந்தன. சுதாவின் மையம் வரைபடம் போடும். கோவை மையம் அதைச் சிலிக்கான் தகட்டில் பாதி வரை செதுக்கி அனுப்பும். இங்கே சரிபார்த்த பிறகு பெங்களூர்க்காரர்கள் மீதியை முடிப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒப்பந்தத்தில் யார் பெயர் முதலில் வருவது என்று மூன்று இயக்குநர்களும் மல்லுக்கட்டியதிலேயே ஒரு வருஷம் ஓடிவிட்டது. கோவை மையத்தில் தங்கள் முறைக்காக வரிசையில் காத்துக் கிடந்தது தனி. சுதாவுக்குக் கொடுத்த கடைசி நீட்டிப்பு அடுத்த கோடையோடு முடிகிறது. அதற்குள் சிப் வேலை செய்தால் பட்டம், இல்லையென்றால் இத்தனை வருஷமும் வீண்.

ஒருவழியாகப் பூஜைக்கு முதல் நாள் தகடுகள் வந்து சேர்ந்தன. தூசி படாமல் இறுக மூடிய டப்பாவின் மேல், "திறக்காதீர்கள்" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டினாள். மறுநாள் காலை இயக்குநர் ஜெயராமன் கூப்பிட்டார்.

"சுதா, நீதாம்மா உள்ளூர்ப் பொண்ணு. மார்க்கெட்ல நல்ல பூசணிக்காயா பாத்து வாங்கிட்டு வா."

சிப் வரைகிறவளுக்கு இந்த வேலை! போய் வாங்கி வந்தாள். வந்து பார்த்தால் டப்பா திறந்து கிடந்தது. தகடு ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஊதுபத்திச் சாம்பல் வேறு.

"சார்... திறக்கக் கூடாதுன்னு எழுதியிருந்தேனே!"

"பூஜைக்குத் திறக்காம எப்படிம்மா? மூணு சென்டரும் சேர்ந்து செஞ்ச முதல் தகடு. சின்னப் பொட்டு, தொடைச்சா போச்சு."

துடைத்தால் போகிற சமாசாரமா அது? குங்குமத்தூள் உள்ளே போனால் அடுத்தவர்களின் இயந்திரமே பாழாகும். தகடுகளில் அழுக்கு என்று தெரிந்ததும் பெங்களூர்க்காரர்கள், அவற்றை வாசல்படி தாண்ட விடமாட்டோம் என்றார்கள். இதையெல்லாம் வகுப்பில் பாடமாக நடத்துகிறவர்தான் ஜெயராமன். பூஜை என்றதும் புத்தியைக் கழற்றி வைத்துவிட்டார்.

வீட்டில் அப்பா லட்சுமணன், ஆவடியில் பீரங்கி வண்டித் தொழிற்சாலை ஊழியர், சிரித்தார். "இன்னாமா, பொட்டுக்கா அழுதுகினு கீற? எங்க மிஷினுக்கு வருசா வருசம் வெக்கிறோம், ஜோராத்தான் ஓடிகினு கீது."

"அது இரும்பு நைனா!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்தினாள். சிறுமியாக இருந்தபோது அந்த இயந்திரங்களுக்கு அவளே பொட்டு வைத்திருக்கிறாள். அந்த ஞாபகம் எரிச்சலைக் கூட்டியது.

அடுத்த வாரம் மூன்று மையங்களுக்கும் வீடியோவில் கூட்டம். "வரும்போதே அழுக்காத்தான் வந்துச்சுன்னு சொல்லிடு" என்று ஜெயராமன் முன்கூட்டியே காதைக் கடித்திருந்தார். பழியைக் கோவை தலையில் கட்ட அவளுக்கு மனம் வரவில்லை. தகடு எப்படி அழுக்கானது என்று பெங்களூர்க்காரர்கள் கேட்டதும் அவளுக்கு அதிசயமாகப் பேச்சு வந்தது.

"எங்க சார்தான் டப்பாவைத் திறந்து பொட்டு வெச்சார்."

ஜெயராமன் முகம் கறுத்தது. கோவை இயக்குநர் சம்பத் தொண்டையைச் செருமினார். "அட, அதுக்கென்னங்க. அனுப்பறதுக்கு முன்னாடி நாங்களும் திறந்து கற்பூரம் காட்டித்தான் அனுப்பிச்சோம்."

எல்லாரும் நிம்மதியாகச் சிரித்தார்கள். ஜெயராமன்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். சுதா குறுக்கே புகுந்தாள்.

"புதுத் தகடு எப்ப சார் கிடைக்கும்?"

சம்பத் எதையோ புரட்டிப் பார்த்தார். "வரிசைப்படி பாத்தா... கவலப்படாதம்மா, அடுத்த ஆயுத பூஜைக்குள்ள கண்டிப்பா வந்துரும்."