மஹீரா சொல்லாமல் விட்ட ஜப்பானியச் சொல்

மஹீரா ஜப்பான் மொழியை எடுத்ததற்குக் காரணம் ஆங்கிலம். செங்கல்பட்டில் தமிழ்வழியில் படித்துவிட்டு, பொத்தேரிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் பொறியியல் சேர்ந்தவள் அவள். வகுப்பில் ஆங்கிலத்தில் வாயைத் திறந்தாலே பின்வரிசையில் யாராவது சிரித்தார்கள். முதலாமாண்டில் ஓர் அயல்மொழி படித்தாக வேண்டும் என்றபோது, ஜப்பான் மொழியென்றால் எல்லாருக்கும் புதிதுதானே, அங்கே சிரிக்க ஆளிருக்காது என்று நினைத்தாள்.

முதல் வாரமே அந்த நினைப்பு பொய்த்தது. பாதிப் பேர் ஜப்பானியக் கார்ட்டூன் தொடர்களைப் பார்த்துத் தள்ளியவர்கள். ஆசிரியை ஜெயப்பிரியா கேள்வியை முடிக்குமுன் பதில் சொன்னார்கள். விளக்கமோ ஆங்கிலத்தில். தெரியாத ஒரு மொழியை, சரியாகத் தெரியாத இன்னொரு மொழி வழியாகப் படிக்க வேண்டியிருந்தது.

எரிச்சலில் மஹீரா எழுத்தைப் பிடித்துக்கொண்டாள். மின்சார ரயிலில் போகும்போதும் வரும்போதும் எழுதி எழுதிப் பார்த்தாள். எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். வகுப்பில் அவளை யாரும் பேசச் சொல்லவில்லை. அவளும் பேசவில்லை.

அந்த மதிப்பெண்தான் வினையாகிப்போனது. ஜப்பானிலிருந்து ஒரு குழு வந்தபோது, மாமல்லபுரத்தைச் சுற்றிக்காட்டும் மாணவர்களில் அவளையும் சேர்த்துவிட்டார் ஜெயப்பிரியா. மொரிதா என்ற வயதான பேராசிரியை அவள் பொறுப்பு.

வேனில் ஏறியதும் மொரிதா பேசத் தொடங்கினார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஓடின. மஹீராவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “ஹாய், ஹாய்” என்று தலையாட்டினாள். ஜப்பானியத்தில் அதற்கு ஆமாம் என்று பொருள்.

கடற்கரைக் கோயில் வாசலில் மொரிதா தாழ்ந்த குரலில் ஏதோ கேட்டார். மஹீரா “ஹாய்” என்று சொல்லி, கோயிலுக்குள் அழைத்துப்போனாள். கொஞ்ச நேரத்தில் அவர் அதையே மறுபடி கேட்டார். கடலைக் காட்டினாள். மொரிதாவின் முகம் வாடிவிட்டது. வெயிலென்று நினைத்துக் குடையை விரித்துப் பிடித்தாள் மஹீரா. பின்னால் வந்த வகுப்புத் தோழி, கார்ட்டூன் பார்த்தே ஜப்பானியப் பேச்சு பழகிய வைஷாலி ஓடிவந்தாள்.

“ஏய், அவங்க பாத்ரூம் கேக்குறாங்கடி. நீ இன்னா, கடலக் காட்டிகினு கீற?”

பாடப்புத்தகத்தில் கழிப்பறைக்கு ‘தொய்ரே’ என்றுதான் இருந்தது. மொரிதா கேட்டது ‘ஒதேஅராய்’, அதற்கே மரியாதையான சொல்.

திரும்பும் வழியில் மஹீரா யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவளுக்குப் புத்தகத்தின் மேல் கோபம், ஆசிரியை மேல் கோபம். வைஷாலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“புரிலன்னா புரிலன்னு சொல்றதுதான? அதுக்கு வார்த்த இல்லியா இன்னா?”

இருந்தது. ‘வகரிமசென்’. இரண்டாம் பாடத்திலேயே வந்த சொல். எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். புரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிப்புக்கு ஆளானதிலிருந்து, அதை வேறெந்த மொழியிலும் சொல்ல அவளுக்கு நா எழவில்லை.

அதன்பின் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வைஷாலியை ஜப்பானியத்தில் பேசவைத்தாள். புரியாத இடத்திலெல்லாம் “வகரிமசென்” என்று நிறுத்தி, திரும்பச் சொல்லவைத்தாள். ஒரு வரியைக்கூட முடிக்க முடியாமல் வைஷாலி அலுத்துக்கொண்டாள். மஹீரா விடவில்லை. மெல்ல, ஒட்டிக்கிடந்த சொற்கள் தனித்தனியாகக் காதில் விழத் தொடங்கின.

வாய்மொழித் தேர்வில் ஜெயப்பிரியாவை மூன்று இடங்களில் நிறுத்தி, திரும்பக் கேட்டு, புரிந்துகொண்டு பதில் சொன்னாள். மதிப்பெண் வந்தபோது, கேள்வி என்னவானாலும் மனப்பாடப் பத்தியை ஒப்பித்தவர்களெல்லாம் அவளுக்கு மேலே இருந்தார்கள். நேராக ஆசிரியையிடம் போனாள்.

“மேடம், நீங்க கேட்டது எனக்குப் புரிஞ்சிது. புரிஞ்சதுக்கு மார்க் கெடையாதா?”

தங்குதடையில்லாமல் பேசுவதற்குத்தான் மதிப்பெண், விதி அப்படி என்றார் ஜெயப்பிரியா. சொல்லும்போது அவருக்கே சங்கடமாக இருந்தது. மதிப்பெண்ணை மட்டும் மாற்றவில்லை.

மஹீராவுக்கு ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. இருந்தும் அடுத்த பருவத்துக்கு ஜப்பான் மொழியையே எடுத்திருக்கிறாள். வைஷாலி பிரெஞ்சுக்கு மாறிவிட்டதால், மதிய நேரத்தில் பேசிப் பார்க்க வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறாள்.