கோணல் மூக்குக்காரிக்கு ஒரு ஃப்ரேம்

ஃப்ரேம் கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: கலரில் சிரித்தால் கல்யாணம், கறுப்பு வெள்ளையில் முறைத்தால் காரியம், இரண்டுக்கும் நடுவில்தான் நம் பிழைப்பு. சிதம்பரத்தில் என் கடையும் அப்படித்தான் ஓடியது, ஸ்டெல்லா டீச்சர் வரும்வரை.

வந்தாள் ஒருத்தி

ஸ்டெல்லா கடலூரில் டிராயிங் டீச்சர். இரண்டு அட்டைக்கு நடுவிலிருந்து ஒரு படத்தை எடுத்தார். நூறு வருஷத்துப் படமாம். ஓவியர் கல்லின்மேல் மெழுகுக் குச்சியால் வரைந்து, மை ஏற்றி, தாளில் அழுத்தி எடுத்ததாம்.

கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். மூக்கு கோணல், ஒரு கண் பெரிசு, கை மண்வெட்டி மாதிரி. ஆனால் அந்தக் கறுப்புக் கோடுகள் இருக்கிறதே! விறுவிறுவென்று இழுத்த ஒவ்வொன்றிலும் அவள் கோபம் நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது. எத்தனை மாப்பிள்ளைகளுக்குச் சட்டம் அடித்திருப்பேன், ஒருத்தராவது என்னை இப்படித் திரும்பிப் பார்த்ததுண்டா?

வழக்கம்போல ஓரத்துத் தாளைச் சீவக் கத்தியை எடுத்தேன். டீச்சர் பதறித் தடுத்தார். “ஓரத்துல கை வெக்காதீங்கண்ணா, அந்த வெள்ளத் தாளும் படத்துல சேத்திதான். ஞாயித்துக்கிழம புது வீட்டு ஜெபம், ஹால்ல மாட்டணும். எங்க அத்த மட்டும் வேணாம்னு சொல்லாம இருக்கணும்.”

மாலை

பெருமை தாங்காமல் படத்தைக் கடை வாசலில் சாய்த்து வைத்தேன். எதிர்க்கடைப் பூக்காரர் வந்தார், செருப்பைக் கழற்றினார், கும்பிட்டார். “பாவம், என்னா வேதனையில போனாங்களோ. மால சின்னதா, பெருசா?”

திருத்தம்

பக்கத்து ஸ்டுடியோ முருகன் என் மச்சான். படத்தை செல்போனில் எடுத்துப் போய், கம்ப்யூட்டரில் மூக்கை நிமிர்த்தி, கண்ணைச் சமமாக்கி, கலரும் போட்டுக் கொண்டுவந்தான். சோப்பு விளம்பரத்துக்கு அனுப்பலாம், அவ்வளவு அழகு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அவன் முகம்தான் சுருங்கியது.

“பழசே இருக்கட்டும் மச்சான். நான் பண்ணதுல ஆளே இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை

ஃப்ரேமை மடியில் வைத்துக்கொண்டு கடலூருக்கு பஸ் ஏறினேன். ஜெபம் முடிந்து வீடு நிறைய ஆட்கள். டீச்சர் சொன்ன அத்தை, அவருடைய மாமியார், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த படத்துக்கு நேராக வந்து நின்றார். டீச்சர் என் கையிலிருந்த சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஹால்ல வேணாம்” என்றார் அந்த அம்மா. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அம்மா அதற்குள் என் பக்கம் திரும்பினார்.

“என் ரூம்ல, கட்டிலுக்கு எதுர்க்க மாட்டுப்பா. யார்மேலயோ கோவத்த அடக்கிகிட்டு உக்காந்திருக்கா. ஹால்ல வெச்சா போற வர்றவன்லாம் மூக்கப் பத்திதான் பேசுவான். என்னா ஏதுன்னு நான் கேட்டுக்கறேன்.”

ஆணி அடித்துவிட்டு வந்ததிலிருந்து, கடைக்கு வருகிற சிரித்த முகங்களைப் பார்த்தால்தான் எனக்கு ‘பாவம், இவங்களுக்கு என்ன ஆச்சு’ என்று கேட்கத் தோன்றுகிறது.