பதினான்காம் இலக்கத்துக்கு நாங்கள் கொடுத்த ஓய்வு

மனிதர் ஓய்வு பெறலாம், சரி. ஒரு சட்டையின் இலக்கம் எப்படி ஓய்வு பெறும்? இந்தக் கேள்வி என் தலைக்குள் நுழைந்த குளிர்காலத்தில் வேறு எந்தப் பாடமும் எனக்கு ஓடவில்லை.

வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கில் பெரிய வீரர் ஒருவர் விலகியதும், அவர் அணிந்த இலக்கத்தை அந்த அணியில் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். அதைப் பெரிய துணியில் எழுதி அரங்கின் கூரையில் தொங்கவிட்டுவிடுவார்கள். தேடத் தேட விசித்திரமாக வந்தது. ஓர் அணி, தனக்காக ஒருநாளும் விளையாடாத ஒருவரின் இலக்கத்தைத் தொங்கவிட்டிருக்கிறது. இன்னோர் அணி ஆறாம் இலக்கத்தை ரசிகர்களுக்கே கொடுத்துவிட்டது. களத்தில் ஐந்து பேர், ஆறாவது ஆள் பார்க்க வந்தவர்களாம். நாங்கள் இருக்கும் மொன்றியலில் அந்தப் பெரிய லீக்கின் அணி கிடையாது. ஆனால் ஐஸ் ஹொக்கி அரங்கில் அண்ணாந்து பார்த்தால், ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் இனிக் கொடுப்பதற்கு இரண்டே இலக்கங்கள்தான் மிச்சம். இப்படியே போனால் ஒருநாள் இலக்கங்கள் தீர்ந்துபோகாதா? தீர்ந்தால் என்ன செய்வார்கள்?

எனக்குக் கேள்வி வந்தால் யாரிடமாவது கேட்டே ஆகவேண்டும். எங்கள் அணியிடம் கேட்டேன்.

எங்கள் அணி என்பது சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட ஜிம்மை வாடகைக்கு எடுத்து விளையாடும் தமிழ் அண்ணைமார். கோடைகாலத்தில் ஒரு சிறிய லீக்கில் ஆடுவார்கள். நான் மேசையில் இருந்து புள்ளி எழுதுபவள். பதினான்காம் இலக்கச் சட்டை, டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டி ஏற்றி இறக்கும் ஓர் அண்ணையுடையது. போன இலையுதிர்காலத்தில் அவர் பந்துக்கு எழும்பி, யாரோ ஒருவரின் காலுக்கு மேல் இறங்கினார். முழங்கால் திரும்பிவிட்டது. அவரை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுபோனபோது என்னைப் பார்த்து, "காணும் தங்கச்சி. எனக்கு இது காணும்" என்றார்.

'போதும்' என்ற அந்தச் சொல்லை நான் விலகல் அறிவிப்பாகவே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் மாதத்தில், பதினான்குக்கு ஓய்வு கொடுப்போம், அவருக்குச் சொல்லாமல் சித்திரைப் புதுவருட ஒன்றுகூடலில் வைத்துத் திறப்போம் என்றேன். கப்டன்தான் முதலில் "ஓம், நல்ல விசயம்" என்றார். மற்றவர்களும் ஓம் என்றார்கள். ஆட்டம் முடிந்து எங்கே சாப்பிடுவது என்பதற்கே அரை மணித்தியாலம் சண்டை பிடிக்கிற கூட்டம் அது. இரண்டு நிமிடத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டது ஏன் என்று அன்று நான் கேட்கவில்லை. ஊரில் உள்ள எல்லாவற்றையும் கேட்கிறவள், அதை மட்டும் கேட்கவில்லை.

அணிப் பையில் கிடந்த அவருடைய சட்டையை எடுத்துக் கண்ணாடிச் சட்டகத்தில் போட்டோம். கீழே என் கையெழுத்தில் "என்றும் எங்கள் நெஞ்சில்" என்று எழுதி ஒட்டினேன். சங்க மண்டபத்துச் சுவரில் ஓர் ஆணிதான் சும்மா இருந்தது. அதன் இரு பக்கமும் சங்கத்தை ஆரம்பித்து மறைந்துபோனவர்களின் படங்கள். ஒன்றுகூடல் ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமையே மாட்டி, மேலே ஒரு துணியைப் போட்டுவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை மண்டபத்தில் விளக்கேற்றும் அன்ரி வந்திருக்கிறார். துணியை எடுத்துத் தூசி தட்டியிருக்கிறார். எல்லாப் படங்களுக்கும் மாலை போட்டவர், ஒன்றை மட்டும் விட்டால் வடிவில்லை என்று அதற்கும் போட்டு, கீழே சிவப்பு மின்குமிழ் ஒன்றையும் எரியவிட்டிருக்கிறார். யாரோ அதைப் படம் எடுத்து வட்சப்பில் போட்டார்கள். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் படம் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டது.

நான் மண்டபத்துக்கு ஓடிப்போய்ச் சட்டகத்தைக் கழற்றிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவருடைய அம்மா. காதில் தொலைபேசி.

"ஐயோ தங்கச்சி, அழாதை, அவன் இஞ்ச இருந்து புட்டுச் சாப்பிடுறான்!" என்று ரொறன்ரோவிலிருக்கும் தங்கைக்குக் கத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீரோ பிள்ளை உந்த வேலை பாத்தது?"

"ஓம் அன்ரி. மரியாதைக்குத்தான்..."

"மரியாதையோ? காலமை தொடக்கம் ஒன்பது பேர் எடுத்துச் செத்தவீடு எப்ப எண்டு கேட்டிட்டினம். ஒராள் பூவளையத்துக்குச் சொல்லியுமாச்சு!"

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அண்ணை வந்தார். நொண்டவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன். என் கையில் இருந்த சட்டகத்தைப் பார்த்ததும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"செத்ததெண்டு சொன்னாப் பறவாயில்லை தங்கச்சி. அம்மா இல்லையெண்டு சொன்னா ஆக்கள் நம்புவினம். நான் விளையாட மாட்டன் எண்டு ஆர் சொன்னது?"

"நீங்கள்தானே, காணும் எண்டு..."

"அது நோவிலை வாயிலை வந்தது. கையெழுத்தே வைச்சுத் தந்தனான்?"

நான்கு மாதமாக வேலை தொடங்குவதற்கு முன்னர் விமான நிலையத்து வாகனத் தரிப்பிடத்தின் படிகளில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தாராம். ஏலாமல் போனால் வெட்கம் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. போன கிழமைதான் வைத்தியர், ஓடலாம் என்றிருக்கிறார்.

"இண்டைக்கு ஜிம்முக்கு வந்து சொல்லுவம் எண்டிருந்தன். அதுக்குள்ள மாலையைப் போட்டிட்டியள்."

"இண்டைக்குத்தான் லீக்குக்குப் பேர் குடுக்கிற கடைசி நாள்" என்றேன். பட்டியலை எழுதுபவளும் நான்தான்.

அவர் சப்பாத்துப் பையை எடுத்தார்.

ஜிம்முக்குள் அவரைக் கண்டதும் எல்லாரும் கூவினார்கள். "பேய் வந்திட்டுது!" என்று ஒருவர் பந்துக்குப் பின்னால் ஒளிந்தார். கப்டன் மட்டும் சிரிக்கவில்லை.

"மச்சான், பதினாலுக்கு ஓய்வு குடுத்தாச்சு. இனி ஆரும் போடேலாது."

"நான் போட்டாலுமோ?"

"உனக்குத் தந்த மரியாதைதானே அது."

"மரியாதையைப் பேந்து தா. இப்ப பந்தைத் தா."

நான் குறுக்கே விழுந்தேன். அந்தப் பெரிய லீக்கில் விலகிப்போன ஒருவர் திரும்பி வந்தபோது அவருடைய இலக்கம் கூரையில் தொங்கிக்கொண்டிருந்தது, கொஞ்ச நாள் வேறு இலக்கத்தில் ஆடிப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையே திரும்பப் போட்டுக்கொண்டார் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"அவர் உலகத்திலயே பெரிய ஆள். இவர் சூட்கேஸ் தூக்கிற ஆள்" என்றார் கப்டன்.

எல்லாரும் சிரித்தார்கள். பதினான்கும் சிரித்தார், ஆனால் முதலில் நிறுத்தியது அவர்தான். அப்போதுதான், மார்ச்சில் கேட்காமல் விட்டதை நான் கப்டனிடம் கேட்டேன்.

"அண்ணை, நான் சொன்ன உடன நீங்கள் ஏன் ஓம் எண்டனீங்கள்?"

கப்டன் பந்தை இரண்டு தரம் நிலத்தில் தட்டினார். "முழங்கால் போன ஆளைப் பாத்து, நீ இனி வேண்டாம் எண்டு முகத்துக்கு நேர சொல்ல எனக்கு வாய் வரேல்லை. நீ வந்து ஒரு வடிவான வழி காட்டினாய்."

நான் மாலைக்கு அந்த விளக்கேற்றும் அன்ரியைக் குறை சொல்லிக்கொண்டு வந்தவள். ஆளை வெளியே அனுப்பும் கதவையே நான்தான் செய்து கொடுத்திருக்கிறேன். கூரைகளில் தொங்கும் அத்தனை துணிகளிலும் எத்தனை, உண்மையில் இப்படி "போய் வாரும்" என்பதற்காகத் தொங்கவிட்டவை? அதை நான் வாசித்த எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

"நேர சொல்லியிருக்கலாம்" என்றார் பதினான்கு. "இல்லாட்டி, கால் எப்பிடியெண்டு ஒருக்காக் கேட்டிருக்கலாம்."

கப்டன் அவருடைய காலைப் பார்த்தார். "சரி. கால் எப்பிடி?"

"ஓடிப் பாப்பம்."

ஓடினார்கள். பழைய ஆள் இல்லை அவர். திரும்பும்போது அரை வினாடி பிந்தினார், இரண்டு தரம் அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்க் கூடையில் போட்டார்கள். ஆனால் விழுந்து எழும்பியபோது காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்துக் கப்டன் மேசைக்கு வந்து முகத்தைத் துடைத்தார்.

"ஆட்டத்துக்கு அஞ்சு நிமிசம். அவ்வளவுதான் குடுப்பன். எழுது."

"எத்தினையாம் இலக்கம் அண்ணை?"

"தெரியாத மாதிரிக் கேளாதை."

கோடைகால லீக்கின் முதல் ஆட்டத்தில் அவரை மூன்றாவது பகுதியில் இறக்கினார்கள். பார்க்க வந்திருந்த அவருடைய அம்மா கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம்கூடப் போயிருக்காது, அண்ணை கூடையை நோக்கி வந்த ஒருவரின் கையில் பட்டென்று அடித்துவிட்டார். விசில் ஊதியது. நடுவர் என் மேசைக்கு வந்து, தவறு செய்தவரின் இலக்கத்தைக் கையால் காட்டினார்: வலது கை பொத்திப் பிடித்தபடி, அது பத்து, இடது கையில் நான்கு விரல்.

அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டேன். கையை உயர்த்தித் தவறை ஒத்துக்கொண்டபடி அண்ணை மேசையைக் கடந்து போனார்.

"எழுதினனியோ?"

"எழுதிட்டன்."

"வடிவா எழுது" என்றுவிட்டு, அடுத்த பந்தைப் பிடிக்க ஓடினார்.